பசி தெரியாத கண்

துளசிமணியின் கைப்பேசி சிணுங்கியபோது அவள் ஒரு கறுப்பு டீ-சர்ட்டை மேசைமேல் விரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை. விட்டுப்போன தையல், ஊசி குத்திய ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் அதில் தெரிந்துவிடும். பீஸை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள்.

‘மாதிரிக் கண் பரிசோதனை முடிவு: மறுமொழி இல்லை. அரசுத் திட்டத்தின் கீழ் உங்களுக்கு ஊசி மருந்து வழங்க இயலாது. நன்றி.’

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. திருப்பூரில் இந்த ஒரே பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடங்களாகச் செக்கிங் வேலை. பத்து வருடங்களுக்கு முன் துணியைச் சோதிக்கக் கேமராக்கள் வந்தபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கறுப்புத் துணியில் கேமராக்கள் அடிக்கடி ஏமாந்தன. அதனால் துளசிமணியையும் இன்னும் நாற்பத்திரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டார்கள். கேமரா விட்டதை இவர்கள் பிடிக்க வேண்டும். அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம். ஆறு மாதமாக இடது கண்ணில் நேர்கோடுகள் நெளிந்து தெரிந்தன. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, ஊசி போடாவிட்டால் ஒரு வருடத்துக்குள் இரண்டும் போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

மாதிரிக் கண் மையம் அவினாசி சாலையில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள்.

“ரிசல்ட் உங்க போனுக்கே வந்திருக்குமேம்மா?”

“வந்துச்சுங்க. நான் கண்ணைப் பார்க்கோணும்.”

“கண் டாக்டர் இங்க கிடையாதும்மா. இது லேப்.”

“டாக்டரு வேண்டாங்க. என்ற கண்ணு. என்ற ரத்தத்தை எடுத்து உள்ள கண்ணாடியில வளத்தி வெச்சிருக்கீங்கல்ல, அதை.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. “அதையெல்லாம் நோயாளிகளுக்குக் காட்ட மாட்டாங்கம்மா.”

“ஏனுங்க?”

“ரூல் இல்ல.”

துளசிமணி குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூடத்தில் காத்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “நான் இருபத்தாறு வருசமா பீஸ் ரிஜெக்ட் பண்றவளுங்க. ஒரு பீஸைத் தள்ளுனா, எங்க குறைன்னு செவப்பு அம்பு ஒட்டிக் காட்டோணும். ஒட்டாமத் தள்ளுனா என்னை வெளிய போன்னுருவாங்க. அறுபது ரூவா பனியனுக்கே அந்த மருவாதி இருக்குது. நீங்க என்னைத் தள்ளியிருக்கீங்க. அம்பு எங்கீங்க?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “காட்டுற வரைக்கும் நான் போகலீங்க” என்றாள்.

தேநீர் குடித்துவிட்டு அந்த வழியாகத் திரும்பிய பெமிலா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மார்த்தாண்டத்துக்காரி, முப்பத்துநான்கு வயது. செல்களை வளர்ப்பதில் அந்த மையத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். துளசிமணிக்கு வந்த முடிவில் இருந்த கையெழுத்து அவளுடையது. ஒரு நாளைக்கு முப்பது முடிவுகளில் கையெழுத்துப் போடுவாள். அதில் ஒன்று எழுந்து வந்து எதிரே உட்காரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“எங்கூட வாங்கக்கா” என்றாள்.

*

உள்ளே தொப்பி, அங்கி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டாள். ஒரு தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

“உங்க ரத்தத்தில இருந்த செல்களை மருந்து வெச்சுக் குழந்தைப் பருவத்துக்குத் திருப்பினோம். அப்புறம் அதை விழித்திரைச் செல்லா வளர வெச்சோம். இதுல மூணு அடுக்கு இருக்கு. ரத்தக்குழாய்ச் சுவர், அதைத் தாங்குற செல், அடியில நிறமிச் செல். உங்க கண்ணுக்குள்ள எப்படியோ அப்படியே.”

“இது மேல என்ன பண்ணுவீங்க?”

“சர்க்கரைக் கரைசல் ஊத்துவோம். சர்க்கரை நோயில கண்ணைக் கெடுக்கிறது வெறும் சர்க்கரை இல்லக்கா. அழற்சி. உள்ளுக்குள்ள புகையுற நெருப்பு மாதிரி. அதனாலதான் ரத்தக்குழாய்ச் சுவர் ஒழுக ஆரம்பிக்கும். இந்த ஊசி மருந்து அந்த நெருப்பை அணைக்கும். சிலருக்கு அணைக்காது. முந்தி எல்லாருக்கும் போட்டாங்க. பத்துல மூணு பேருக்குப் பலன் இல்ல, கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி இருந்த பார்வையும் போச்சு. அதான் முதல்ல கண்ணாடியில போட்டுப் பார்க்கிறோம். இங்க அணைஞ்சா உங்களுக்கு ஊசி. அணையலன்னா இல்ல.”

துளசிமணி இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். துணி பார்க்கிற அதே பார்வை. வரிசையாக, ஓரத்திலிருந்து ஓரம்.

“கல்லு பாவுன தரையாட்ட இருக்குது. ஒரு ஓட்டை இல்ல, ஒடைசல் இல்ல. இதுல குறை எங்கீங்க?”

“குறை இல்லக்கா. அதான் பிரச்சினை. உங்க செல் சர்க்கரையில போட்டும் பெரிசா அழற்சி காட்டல. நெருப்பே இல்லாதப்ப மருந்து எதை அணைக்கும்? அதைத்தான் மறுமொழி இல்லைன்னு எழுதுறோம்.”

“நெருப்பு இல்லீன்னா என்ற கண்ணு ஏன் அவியுது?”

பெமிலா தானும் ஒருமுறை குனிந்து சில்லைப் பார்த்தாள்.

“இது உசுரோட இருக்குதுங்களா?”

“ஆமா.”

“அப்ப என்ன திங்குது?”

“இந்தச் சிவப்புத் தண்ணியை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினே மாத்திடும்.”

“சக்கரை எத்தனை போடுவீங்க?”

“சர்க்கரை நோயாளி உடம்புல இருக்கிற மாதிரி, அதிகமா. பதினாலு நாளும் ஒரே அளவு.”

துளசிமணி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“பதினாலு நாளும் ஒரே அளவா? அப்ப இது என்ற கண்ணு இல்லீங்க. ஆரோ மகராசி கண்ணு. நான் நாலரைக்கு எந்திரிச்சு சோறாக்கி வெச்சுட்டு, சக்கரை மாத்திரையைப் போட்டுட்டு ஆறு மணி வேனைப் புடிப்பேன். ஒரு டீத் தண்ணி. அவ்வளவுதான். பத்து மணிக்குக் கை நடுங்கும். கண்ணு இருட்டிட்டு வரும். வாயில ஒரு மிட்டாயை அடக்கிக்குவேன். ஷிப்மென்ட் இருந்தா சாப்பாட்டு மணி ரெண்டாயிரும். ரெண்டு மணிக்கு அந்தப் பசிக்கு ஒரு டப்பா சோத்தையும் அள்ளிப் போட்டா, சித்த நேரத்துல சக்கரை எங்கியோ போயிரும். இது தினமும். இந்தக் கண்ணுக்கு ஒரு நாளாவது பசிச்சிருக்குதுங்களா மேடம்?”

பெமிலா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரே அளவு என்ற அந்த அட்டவணையை எழுதியது அவள்தான். ஆறு வருடங்களுக்கு முன். எல்லாருக்கும் ஒரே அளவு வைத்தால்தான் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட முடியும் என்று அப்போது எழுதியிருந்தாள். படிக்க அது மிக நியாயமாக இருந்தது.

“அக்கா, உங்க செல் கொஞ்சம் உறைய வெச்சது மிச்சம் இருக்கு. நீங்க சம்மதிச்சா, உங்க நாள் எப்படிப் போகுதோ அப்படியே அதுக்குச் சாப்பாடு போட்டுப் பார்க்கிறேன். இது எனக்கு யாரும் சொன்ன வேலை இல்ல.”

“எங்க கையெழுத்துப் போடோணும்?” என்றாள் துளசிமணி.

*

பெமிலா துளசிமணியின் கையில் சர்க்கரையை இடைவிடாமல் அளக்கும் ஒரு சின்னப் பட்டையை ஒட்டி அனுப்பினாள். மூன்றாம் நாள் அதில் வந்த வரைபடத்தைத் திரையில் பார்த்தபோது அவளுக்கு மார்த்தாண்டத்துப் பக்கத்து மலைச்சாலைதான் நினைவுக்கு வந்தது. காலை பத்து மணிக்குப் பாதாளம். மூன்று மணிக்கு உச்சி. மறுபடியும் இறக்கம். வளர்க்கும் இயந்திரத்துக்கு அந்த ஏற்ற இறக்கத்தையே கட்டளையாகக் கொடுத்தாள். அதே செல், அதே கண்ணாடி. சாப்பாடு மட்டும் வேறு.

எட்டாம் நாளே செல்கள் அபாயக் குறி காட்டத் தொடங்கின. பன்னிரண்டாம் நாள் ரத்தக்குழாய்ச் சுவரில் இடைவெளிகள் விழுந்தன. கல் பாவிய தரை பெயர்ந்துபோயிருந்தது. அழற்சியின் அளவு முதல் சில்லில் இருந்ததைப்போல ஏழு மடங்கு. பெமிலா மருந்தைச் சொட்டினாள். இரண்டு நாளில் நெருப்பு அடங்கியது. மருந்து வேலை செய்தது. மிக நன்றாகவே செய்தது.

அவள் உடனே துளசிமணியைப் போனில் கூப்பிட்டாள். “அக்கா, உங்க செல் ஒரே அளவு சர்க்கரைக்குப் பழகிடுது. சந்தைக்கடை நடுவுல குடியிருக்கிறவங்க சத்தத்துலயே தூங்கிப் பழகிடுவாங்கல்ல, அது மாதிரி. ஆனா ஏறி ஏறி இறங்குனா ஒவ்வொரு தடவையும் பதறுது. உங்களுக்கு மருந்து கேட்கும். நாங்கதான் தப்பாச் சோதிச்சிருக்கோம்.”



“கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க அம்மிணி” என்றாள் துளசிமணி. “முந்தாநேத்து மேசையில இருக்கறப்பவே இடது கண்ணுக்குள்ள மை ஊத்துனாப்புல ஆயிருச்சு. உள்ள ரத்தம் ஒடைஞ்சு போச்சாம். இனி பார்வை வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.”

பெமிலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

“சூப்பர்வைசருக்குத் தெரியாதுங்க. ஒத்தைக் கண்ணுலயே பார்த்துட்டு இருக்கறேன். நேத்து எழுநூறு பீஸ் பார்த்தேன். அழுவாதீங்க. என்னை மாதிரி எத்தனை பேரைத் தள்ளியிருக்கீங்க, அதைச் சொல்லுங்க.”

*

மையத்தின் இயக்குநர் டாக்டர் மகுடபதி கெட்டவர் இல்லை. மாதிரிக் கண்ணை உருவாக்கியவரே அவர்தான். அதற்காகப் பன்னிரண்டு வருடங்கள் உழைத்தவர். பெமிலா கொடுத்த அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

“ஒரே ஒரு நோயாளி. அனுமதி இல்லாத சோதனை. இதை வெச்சு என்ன சொல்ல வர்றே?”

“ஷிஃப்ட் வேலை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லாத வேலை பார்க்கிறவங்களை நம்ம மாதிரிக் கண்ணு கண்டுபிடிக்கல சார். அவங்களைத்தான் நாம அதிகமாத் தள்ளியிருக்கோம். தள்ளினவங்க பட்டியலைப் பார்த்தேன். டிரைவர், மில்லு, செக்யூரிட்டி, பனியன் கம்பெனி. பட்டியல் பூரா அவங்கதான்.”

“இந்த முறைக்குச் சான்றிதழ் இருக்கு பெமிலா. மாத்தணும்னா முறையாப் போகணும். மூணு வருசம் ஆகும்.”

“மூணு வருசத்துல அவங்களுக்குக் கண்ணு இருக்காது.”

“நாளைக்கே இது தப்புன்னு நாம சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மாதிரிக் கண்ணையே மூடிருவாங்க. பழையபடி எல்லாருக்கும் ஊசி. பழையபடி பத்துல மூணு பேருக்குப் பார்வை போகும். அந்த வார்டுல நான் வேலை பார்த்திருக்கேன். நீ பார்த்ததில்ல.” குரல் தணிந்தது. “அந்தச் சில்லை அழிச்சிடு. அறிக்கையை நான் வெச்சுக்கிறேன்.”

“அழிக்க மாட்டேன் சார்.”

“இது உத்தரவு.”

“கேட்டுச்சு சார். அழிக்க மாட்டேன். அது துளசிமணி அக்காவோட செல். அவங்க சொன்னா அழிக்கிறேன்.”

மாலைக்குள் அவளுடைய நுழைவு அட்டை செயல் இழந்தது. சில்லு உள்ளேயே தங்கிவிட்டது. ஆனால் அறிக்கையின் நகல் ஒன்று அவள் பையில் இருந்தது. மறுநாள் காலையில் திருப்பூருக்குப் போய், கம்பெனி வாசலில் வேனிலிருந்து இறங்கிய துளசிமணியின் கையில் அதைக் கொடுத்தாள்.

“அம்மிணி, உங்க வேலை?”

“போயிடுச்சு.”

துளசிமணி அவளைக் கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தாள். பிறகு, “வாங்க, கேன்டீன்ல டீ குடிச்சுட்டுப் பேசலாம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

*

மருந்து மறுக்கப்பட்டவர்கள் முறையிட ஒரு மறுபரிசீலனைக் குழு இருந்தது. ஐந்து வருடங்களில் அதற்கு வந்த மனுக்கள் மொத்தம் ஒன்பது. துளசிமணி மூன்றே வாரத்தில் இருநூற்றுப் பதினாறு மனுக்களைச் சேர்த்தாள். செக்கிங் பெண்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சாயப்பட்டறை, பஸ் டிப்போ, வாட்ச்மேன்கள் என்று தேடித்தேடிக் கேட்டார்கள். ‘மறுமொழி இல்லை’ என்ற தகவலை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் காட்டினார்கள். சிலரால் அதைப் படிக்கக்கூட முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. பெமிலா அறிக்கையை விளக்கினாள். மையத்தின் வழக்கறிஞர் எழுந்து, வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் அனுமதியின்றிச் செய்த ஒற்றைச் சோதனையை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்றார். அதை வேறு யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

நீதிபதி மகுடபதியைப் பார்த்தார். “அப்படித்தானா டாக்டர்? யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லையா?”

மகுடபதி எழுந்தார். மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

“நான் செய்தேன்” என்றார்.

வழக்கறிஞர் அவர் கையைத் தொட்டார். அவர் விலக்கிக்கொண்டார்.

“அந்தச் சில்லை அழிப்பதற்கு முன் இது தவறு என்று நானே நிரூபித்துவிட நினைத்தேன். தள்ளப்பட்டவர்களில் ஆறு பேரின் செல்களை எடுத்துக்கொண்டு, சர்க்கரையை அதேபோல் ஏற்றி இறக்கி, என் கையாலேயே செய்தேன். ஆறில் ஐந்து பெமிலா சொன்ன மாதிரியேதான் வந்தது. முடிவு பத்து நாளாக என் மேசையில் இருக்கிறது.”

“பத்து நாளாக ஏன் சொல்லவில்லை?”

“என் வாழ்நாள் வேலை அது. அதைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.”

“இதுவரை மொத்தம் எத்தனை பேருக்கு மறுத்திருக்கிறீர்கள்?”

“பதினோராயிரத்து நானூறு.”

“அவர்களில் எத்தனை பேருக்கு இன்று பார்வை இருக்கிறது?”

“எங்களிடம் அந்தக் கணக்கு இல்லை.”

கூடத்தின் பின்பக்கம் சலசலப்பு எழுந்தது. நீதிபதி கையைக் காட்டி அடக்கினார். துளசிமணியைப் பேசச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

“இத்தனை பேரு இத்தனை படிச்சிருக்கறாங்க, என்ற ரத்தத்துல இருந்து கண்ணையே வளத்தறாங்க. நான் தப்பு சொல்லலீங்க, கையெடுத்துக் கும்புடறேன். ஆனா அதை வளத்தறவங்க ஒருத்தராவது, நீ எப்பச் சாப்புடுவேன்னு என்னைக் கேக்கலீங்களே. கேக்கறதுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லீங்க. எனக்கு ஒரு கண்ணு போச்சு. அதுக்கு நான் அழுதுட்டு இங்க வரல. இன்னொண்ணு இருக்குது. எனக்கு எரக்கம் வேண்டாம், மருந்து வேணும். சோதிக்கறதா இருந்தா என்னைச் சோதிங்க. என்னாட்ட இருக்கற ஆரையோ சோதிக்காதீங்க.”

பின்னால் யாரோ கை தட்டினார்கள். நீதிபதி அதைத் தடுக்கவில்லை.

அன்று மாலை உத்தரவு வந்தது. மனுச் செய்த இருநூற்றுப் பதினாறு பேருக்கும் அவரவர் அன்றாடத்தின்படியே மறுசோதனை செய்ய வேண்டும். மற்றவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மையத்துடையது. அதுவரை மாதிரிக் கண்ணின் முடிவை மட்டும் வைத்து யாருக்கும் மருந்து மறுக்கக் கூடாது. பெமிலாவின் வேலையைப் பற்றி உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. மகுடபதி அவளைத் திரும்பக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் மாடியில், பழைய கருவிகளோடு இருந்த சின்ன ஆய்வகத்தில் சேர்ந்தாள். மறுசோதனைகளில் பாதி அங்கே நடந்தது.

துளசிமணியின் வலது கண்ணில் முதல் ஊசி மூன்றாவது வாரத்தில் போடப்பட்டது. பயந்த அளவுக்கு வலிக்கவில்லை என்றாள்.

*

இரண்டு மாதம் கழித்து பெமிலா ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் துளசிமணியின் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது.

“அக்கா, ஒரு விஷயம். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். மறுசோதனையில உங்க கம்பெனிப் பெண்கள் பதினெட்டுப் பேரோட செல் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் மூணு சில்லு வெச்சேன். ஒண்ணு பழைய முறை. ஒண்ணு அவங்க நாள்படி, மருந்தோட. மூணாவது சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அதுல மருந்து இல்ல. ஒரே ஒரு மாற்றம்தான். காலையில மாத்திரைக்கு முன்னாடி கொஞ்சம் சாப்பாடு, பதினோரு மணிக்குக் கொஞ்சம், மதியம் நேரத்துக்கு. மொத்தச் சர்க்கரை அளவு அதேதான். ஒரு துளி குறைக்கல.”

“என்ன ஆச்சுங்க?”

“அழற்சி பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. மருந்தே இல்லாம.”

துளசிமணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஊசி வேண்டாம்னு சொல்லல. கண்ணு கெட்டவங்களுக்கு ஊசி வேணும்” என்றாள் பெமிலா. “ஆனா இன்னும் கெடாதவங்க உங்க செக்கிங்லயே இருபது பேராவது இருப்பாங்க. அவங்களுக்கு ஊசி வரைக்கும் போக வேண்டிய அவசியமே வராம இருக்கலாம். இதை எழுதி அனுப்பப் போறேன். அச்சுல வர ஒரு வருசம் ஆகும். அதுக்கு அப்புறம் யாராவது படிச்சு, யாராவது சட்டம் போட்டு…”

“அது கெடக்குதுங்க அம்மிணி” என்றாள் துளசிமணி. “அது பாட்டுக்கு வரட்டும். எத்தனை மணின்னு சொன்னீங்க?”

“பதினோரு மணி.”

*

செவ்வாய்க்கிழமை காலை செக்கிங் பகுதியில் நாற்பத்துமூன்று மேசைகளிலும் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அன்று ஷிப்மென்ட். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆனதும் துளசிமணி கையிலிருந்த பீஸை மடித்து வைத்தாள். மேசையின் விளக்கை அணைத்தாள். அடியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். ராகிக் களியும் கொஞ்சம் கொள்ளுப் பருப்பும்.

பக்கத்து மேசை விளக்கு அணைந்தது. அதற்கடுத்தது. வரிசையாக அணைந்துகொண்டே போய்க் கடைசி மேசையில் நின்றது. டப்பாக்கள் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சர்க்கரை உள்ளவர்கள், இல்லாதவர்கள், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒருத்தி மட்டும் டப்பா கொண்டுவரவில்லை. அவளுக்கு மூன்று பக்கத்திலிருந்து கை நீண்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். “ஏம்மா! என்ன நடக்குது இங்க? ஆரு பர்மிஷன் குடுத்தது?”

“ஆரும் குடுக்கலீங்க” என்றாள் துளசிமணி.

“லைன் நின்னு போச்சு! பேக்கிங்ல ஆளுங்க சும்மா நிக்கறாங்க!”

“பத்து நிமிசங்க. அப்புறம் ஓடும். நாளைக்கும் பத்து நிமிசம். தினமும் பத்து நிமிசம்.”

“வேலையை விட்டுத் தூக்கிருவாங்க, தெரியுமில்ல?”

“நாப்பத்திமூணு பேரையும் தூக்குனா கறுப்புத் துணியை ஆருங்க பார்க்கறது? கேமராவா?”

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். ஒருத்தியும் தலைகுனியவில்லை. ஒருத்தியும் டப்பாவை மூடவில்லை.

“இருங்க, நான் மேனேஜரைக் கூட்டியாறேன்.”

“கூட்டியாங்க” என்றாள் துளசிமணி, அடுத்த உருண்டையை உருட்டியபடியே. “வர்றப்ப அவரையும் சாப்ட்டாரான்னு கேளுங்க.”

அவர் வேகமாக வெளியே போனார். பெண்கள் அவசரப்படாமல் மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.